மெக்கானிக்கல் படிக்கும் பெண் உருக்காலைக்குப் போகலாமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. அப்பா கப்பலூர் பக்கம் சின்னதாக ஒரு கிரில் பட்டறை வைத்திருக்கிறாராம். “இரும்புக்கு நடுவிலேயே வளர்ந்தவள் நான், ஸ்டீல் கம்பெனி வேலைக்குப் போக ஆசை. அப்பாவோ, இந்த இரும்போட மல்லுக்கட்டுறது என்னோட போகட்டும், நீ ஏசி ரூம்ல உட்கார்ந்து வேலை பாருங்கிறார். கல்லூரிக்கு பிளேஸ்மென்ட் எடுக்க வருகிறவர்களும் பெரும்பாலும் ஐ.டி. கம்பெனிகள்தான். மெட்டலர்ஜி (உலோகவியல்) படிக்காத என்னை எடுப்பார்களா, பெண்களை எடுப்பார்களா, அந்தத் துறைக்கு எதிர்காலம் இருக்கிறதா, எங்கே ஆரம்பிப்பது?” இதுதான் கேள்வி.

அப்பாவிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் சொல்வதில் பாதி சரி. காலமெல்லாம் வெல்டிங் ஹோல்டரைப் பிடித்தவருக்கு இரும்பு என்றாலே கண் எரிச்சலும் இடுப்பு வலியும்தான் ஞாபகத்துக்கு வரும், மகள் அதற்குள் வரவேண்டாம் என்று நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் அவர் பார்த்தது ஆலையை விட்டு வெளியேறி, லாரி ஏறி, எல் ஆங்கிளாகவும் பிளாட்டாகவும் கடைக்கு வந்து வெட்டுப்படக் காத்திருக்கிற இரும்பு. அதற்கு முன்னால் அது திரவமாக ஓடிய இடத்தை அவர் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு, உங்களுக்குப் பாடம் எடுக்கிறவர்களில் பலரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் மேலூர்ப் பக்கத்து ஆள், நானும் மெக்கானிக்கல்தான். வடக்கே ஒரு பெரிய உருக்காலையில் இருபத்திரண்டு வருஷம் காஸ்டர் பிரிவில், அதாவது திரவ உருக்கை வார்த்துக் கெட்டியாக்குகிற இடத்தில், இருந்துவிட்டு, இப்போது ஊரோடு வந்து சின்னச் சின்ன ரோலிங் மில்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் ஆலையை ஏற்றியும் பேச மாட்டேன், இறக்கியும் பேச மாட்டேன்.

மெட்டலர்ஜி படிக்காதவர்களை எடுப்பார்களா? தாராளமாக. ஓர் உருக்காலைக்குள் போய்ப் பார்த்தால் உலோகத்தைவிடத் தண்ணீரும் எண்ணெயும் வாயுவும் ஓடுகிற குழாய்கள்தான் அதிகம் கண்ணில் படும். கிரேன், பம்ப், ஹைட்ராலிக்ஸ், ராட்சத மின்விசிறி, கியர் பாக்ஸ், ஆயிரக்கணக்கில் பேரிங். இத்தனையையும் ஓட வைக்கிறவர்கள் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆட்கள்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன், இது என் பிரிவு என்பதால் கொஞ்சம் நீளும். 1,550 டிகிரி சொச்சத்தில் லேடிலில் (ராட்சத வாளி) வருகிற திரவ உருக்கை, சுற்றிலும் தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் செப்பு அச்சுக்குள் விடுவோம். செப்புச் சுவரை ஒட்டிய பகுதி மட்டும் பால் ஏடு மாதிரி மெல்லிசாக உறையும், உள்ளே இன்னும் திரவம்தான். அந்த ஏடு கிழியாமல் அப்படியே கீழே இழுத்துக்கொண்டே போக வேண்டும், போகப் போகத் தண்ணீரைப் பீய்ச்சி உள்வரைக்கும் உறைய வைக்க வேண்டும். ஏடு அச்சில் ஒட்டிக்கொண்டால் கிழியும், ஒட்டாமல் இருப்பதற்காக அச்சு சில மில்லிமீட்டர் தூரம் மேலும் கீழும் விடாமல் ஆடிக்கொண்டே இருக்கும். கிழிந்துவிட்டால் அதன் பெயர் பிரேக்அவுட்: உள்ளே இருக்கிற திரவ உருக்கு அத்தனையும் கீழே இருக்கிற உருளைகள் மேல் கொட்டி, அங்கேயே உறைந்துபோகும். நான் சேர்ந்த முதல் வருஷம், சி ஷிப்ட், ராத்திரி இரண்டு மணி வாக்கில் எங்கள் காஸ்டரில் அப்படி ஒன்று நடந்தது. விடிந்து, மதியமாகி, சாயங்காலம் வரைக்கும் கேஸ் கட்டிங் போட்டு அந்தக் கட்டியை வெட்டி எடுத்தோம், உங்கள் அப்பா பட்டறையில் இருக்கிற அதே கட்டிங் டார்ச்தான், கொஞ்சம் பெரிசு. உருக்கில் கந்தகம் கூடிவிட்டதா, வெப்பம் கூடிவிட்டதா, அச்சில் போடுகிற பவுடர் சரியில்லையா என்று மெட்டலர்ஜி ஆட்கள் மூன்று நாள் மண்டையைக் குடைந்தார்கள். கடைசியில் பார்த்தால், அச்சை ஆட்டுகிற அமைப்பில் ஒரு பேரிங் தேய்ந்துபோய் ஆட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் டிப்ளமோ படித்த ஒரு ஃபிட்டர். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான் அன்றைக்கு என் பங்கு.

இப்போது அந்தச் செப்பு அச்சின் சுவருக்குள் வரிசையாகத் தெர்மோகப்பிள் என்கிற வெப்பம் அளக்கும் கருவிகளைப் புதைத்து, ஏடு ஒட்டுகிற அறிகுறி வெப்பநிலையில் தெரிந்த உடனே வேகத்தைக் குறைக்கிற மென்பொருள் வந்துவிட்டது. ஆக, கம்ப்யூட்டர் வேலைக்குப் போ என்கிற அப்பாவிடம் சொல்லுங்கள், ஆலைக்குள்ளேயே கம்ப்யூட்டர் வேலை கிடக்கிறது. மில்லை ஓட்டுகிற கண்ட்ரோல் அறையைப் பல்பிட் என்போம், அதற்கு ஏசியும் உண்டு.

எதிர்காலத்துக்கு வருகிறேன். 2018-லிருந்து உலகத்தில் சீனாவுக்கு அடுத்தபடியாக அதிக உருக்கு தயாரிப்பது நாம்தான். 2024-25-இல் சுமார் 15 கோடி டன். 2017-இல் வந்த தேசிய உருக்குக் கொள்கை 2030-31-க்குள் 30 கோடி டன் உற்பத்தித் திறன் வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. சொன்ன தேதிக்குள் அது நடக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன், ஆனால் தலைக்கு வருஷம் நூறு கிலோ அளவில்தான் நாம் உருக்கைப் பயன்படுத்துகிறோம், உலக சராசரி இருநூறு கிலோவுக்கும் மேல், அதனால் போகிற திசையில் சந்தேகம் இல்லை. சந்தேகம் வேறு இடத்தில். இது ஏறி இறங்குகிற தொழில். சீனா மலிவாக ஏற்றுமதி செய்தால் இங்கே விலை விழும் (2025 ஏப்ரலில் சில வகை உருக்குக்கு 12 சதவீதப் பாதுகாப்பு வரி போட்டது அதனால்தான்), விலை விழுந்தால் ஆள் எடுப்பதையும் தள்ளிப்போடுவார்கள். நீங்கள் படித்து முடிக்கிற வருஷம் அப்படி ஒரு வருஷமாக அமைந்துவிட்டால், உங்கள் தப்பு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் புகை. நம் நாட்டில் ஒரு டன் உருக்கு செய்தால் சராசரியாக இரண்டரை டன் கார்பன் டை ஆக்சைடு வருகிறது, உலக சராசரியைவிட அதிகம். ஐரோப்பா இறக்குமதி உருக்குக்கு 2026-லிருந்து கார்பன் கணக்குப் பார்த்துக் காசு கேட்கிறது. 2024 டிசம்பரில் நம் அரசும் ஒரு டன் உருக்குக்கு வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு 2.2 டன்னுக்குக் கீழே இருந்தால்தான் பசுமை உருக்கு என்று வரையறை செய்து, அதற்கு நட்சத்திரக் குறியும் வைத்துவிட்டது. நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனை வைத்துத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தால் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் நீராவி வரும். சொல்ல எளிது, ஹைட்ரஜன் விலை கட்டுப்படியாக வேண்டும். உலைவாயில் வீணாகிற வெப்பத்தைப் பிடிப்பது, கம்ப்ரஸர், வெப்பப் பரிமாற்றி எல்லாம் நீங்கள் ஐந்தாவது செமஸ்டரில் ஏன் படிக்கிறோம் என்றே தெரியாமல் படித்திருப்பீர்களே, அதேதான். இன்றைக்கு உள்ளே போகிறவர்களுக்கு அடுத்த இருபது வருஷத்து வேலை இதில்தான் கிடக்கிறது என்பது என் கணக்கு.

நம் ஊர் இரும்புக்குப் பழம்பெருமையும் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது, ஈரோடு மாவட்டம் கொடுமணலில் உருக்கு செய்த உலைகளின் தடயம் இருக்கிறது, இந்திய உருக்கை ஆராய்ச்சி செய்யாமல் ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயால் இருக்க முடியவில்லை. பெருமைதான். என்ஜினியரிங் படித்தவர்கள் எழுதுகிற கேட் (GATE) தேர்வில் மட்டும் அதற்கு மார்க் கிடையாது.

பெண்களை எடுப்பார்களா? எடுக்கிறார்கள். பெண்கள் ஆலையில் இரவு வேலை பார்க்கக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே செல்லாது என்று சொல்லிவிட்டது. டாடா ஸ்டீல் ஜார்க்கண்டில் இருக்கிற தன் நோவாமுண்டி இரும்புத்தாதுச் சுரங்கத்தில் எல்லா ஷிப்டிலும் பெண்களை வைத்து வேலை நடத்துகிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு உண்மையையும் சொல்லிவிட வேண்டும்: நான் வேலை பார்த்த பிரிவில் பல வருஷம் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கிடையாது, அரை கிலோமீட்டர் நடந்து அலுவலகக் கட்டிடத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் நேர்காணலில் கடைசியாக “ஏதாவது கேட்க வேண்டுமா” என்பார்களே, அங்கே சம்பளத்தைக் கேட்பதைவிட ஷாப் ஃப்ளோரில் இப்போது எத்தனை பெண் என்ஜினியர்கள் இருக்கிறார்கள், ராத்திரி ஷிப்டுக்கு வண்டி உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்கிறவர் முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஆபத்து இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, அப்பா கண்டிப்பாகக் கேட்பார். இருக்கிறது. உருகிய உலோகத்துக்கு அடியில் தண்ணீர் மாட்டிக்கொண்டால் வெடிக்கும். ஊது உலை (தாதுவை உருக்கி இரும்பாக்குகிற உலை) வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, அதனால்தான் சட்டைப் பையில் சின்னதாக ஒரு அலாரம் கருவி இல்லாமல் அந்தப் பக்கம் போக விட மாட்டார்கள். பெரிய ஆலைகளில் இதற்கெல்லாம் விதிமுறை இருக்கிறது, நடைமுறையிலும் இருக்கிறது. பழைய இரும்பை இண்டக்‌ஷன் உலையில் உருக்கிக் கம்பி இழுக்கிற சின்ன மில்களில் வேலை வேகமாகக் கற்றுக்கொள்ளலாம், ஒரே வருஷத்தில் எல்லாப் பிரிவையும் தொட்டுவிடுவீர்கள், ஆனால் செருப்புக் காலோடு உலைப் பக்கம் ஆட்கள் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். முதல் வேலைக்கு அப்படிப்பட்ட இடம் வேண்டாம் என்றே சொல்வேன்.

சரி, எங்கே ஆரம்பிப்பது. மதுரையைச் சுற்றி உருக்காலை கிடையாது. பக்கத்தில் இருப்பது சேலம்தான்: கஞ்சமலை அடிவாரத்தில் செயில் நிறுவனத்தின் எவர்சில்வர் ஆலை (நாணயம் அடிப்பதற்கான வட்டத் தகடுகூட அங்கே வெட்டியிருக்கிறார்கள்), அந்தப் பக்கம் மேச்சேரி அருகே பொட்டனேரியில் ஜே.எஸ்.டபிள்யூ. ஆலை, இதில் ஊது உலையே உண்டு. அதைத் தாண்டினால் பல்லாரிப் பக்கம், விசாகப்பட்டினம், அப்புறம் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர். ஊரைவிட்டுப் போக முடியாது என்றால் இந்தத் துறையே வேண்டாம், இதில் மழுப்பிப் பேசி லாபமில்லை. போனால் டவுன்ஷிப், குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வளாகத்திலேயே இருக்கும், மாவரைத்து இட்லி ஊற்றுகிற தமிழ்க் குடும்பமும் எப்படியும் பக்கத்தில் இருக்கும்.

செயில் மாதிரிப் பொதுத்துறை நிறுவனங்கள் சில வருஷம் கேட் மதிப்பெண்ணைப் பார்த்தும் சில வருஷம் சொந்தத் தேர்வு வைத்தும் எடுத்திருக்கின்றன, அதனால் கேட் படித்து வைப்பது வீண் போகாது. அதற்கு நடுவில் என்.ஏ.டி.எஸ். என்கிற மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு வருஷ அப்ரண்டிஸ் பயிற்சி இருக்கிறது. அது வேலை உத்தரவாதம் இல்லை, உதவித்தொகைதான் வரும், இருந்தாலும் அந்த ஒரு வருஷம் ஆலைக்குள் நடந்த கால் வேறு. தனியாரில் சேரும்போது கம்பெனி ரோலா கான்ட்ராக்ட் ரோலா என்று எழுத்தில் பாருங்கள், ஒரே ஹெல்மெட், ஒரே வேலை, சம்பளமும் சலுகையும் வேறு வேறு. சம்பளம் என்றதும் ஞாபகம் வருகிறது, ஐ.டி.யில் புதுசாகச் சேருகிறவர்களில் பலருக்குப் பல வருஷமாக மூன்றரை லட்சத்தைச் சுற்றியேதான் நிற்கிறது, அதனால் ஆலைக்குப் போனால் நஷ்டம் என்கிற பயத்தை விடுங்கள். வித்தியாசம் ஞாயிற்றுக்கிழமையில்தான் தெரியும். அவர்களுக்கு லீவு, உங்களுக்கு பி ஷிப்ட்.

இந்த செமஸ்டரிலேயே செய்ய ஒரு வேலை சொல்கிறேன். அப்பா பட்டறைப் பக்கம் கட்டிட வேலையில் வெட்டிப்போட்ட டி.எம்.டி. கம்பித் துண்டு கிடைக்கும், ஊரில் இன்னும் முறுக்குக் கம்பி என்றுதான் சொல்கிறோம், ஆனால் இதை யாரும் முறுக்குவதில்லை, அது பழைய கம்பியின் பெயர். ஒரு துண்டைக் குறுக்கே அறுத்து, முகத்தை எமரித் தாளில் நன்றாகத் தேய்த்து, கல்லூரி மெட்டீரியல்ஸ் லேபில் ஆசிரியர் மேற்பார்வையில் நைட்டால் கரைசல் (ஆல்கஹாலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம்) தடவிப் பாருங்கள். ஓரத்தில் கறுப்பாக ஒரு வளையம், நடுவில் வெளிர் நிறம். செக்கச்செவேலென்று மில்லைவிட்டு வந்த கம்பி நீர்ப்பெட்டிக்குள் நுழைந்ததும் வெளித்தோல் சட்டென்று குளிர்ந்து கடினமாகிவிடும், வெளியே வந்ததும் உள்ளே மிச்சமிருக்கிற சூடு மெதுவாகத் தோலுக்கு வந்து அதைப் பக்குவப்படுத்தும். வெளியே வலு, உள்ளே வளைகிற தன்மை. மூன்று நான்கு பிராண்டு கம்பிகளை அறுத்து வளையம் எதில் ஒழுங்கு, எதில் ஒரு பக்கம் மெலிவு என்று படம் எடுத்து வையுங்கள். நேர்காணலில் இரும்பு-கார்பன் வரைபடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள், கம்பியை அறுத்துப் பார்த்துவிட்டு வருகிறவரை நான் இரண்டே இரண்டு முறைதான் பார்த்தேன். இரண்டு பேரையும் எடுத்தோம்.

கூடவே ஐ.ஐ.டி.க்கள் நடத்துகிற இணையப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.லில் உருக்குத் தயாரிப்புப் பாடங்கள் இருக்கின்றன, பார்க்கக் காசில்லை. உலக உருக்குச் சங்கம் நடத்துகிற ஸ்டீல்சேலஞ்ச் போட்டியில் கணினியிலேயே உலையை ஓட்டி மிகக் குறைந்த செலவில் ஒரு டன் உருக்கு செய்ய வேண்டும், மாணவர்களும் சேரலாம்.

ஆனால் முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை உலையை நேரில் பார்த்துவிடுங்கள். உங்கள் துறைத் தலைவரிடம் சொல்லி ஆலைக்குப் பார்வையிட அனுமதி கேட்டுக் கடிதம் போடச் சொல்லுங்கள், இருபது முப்பது பேராகப் போனால் சுலபமாகக் கிடைக்கும். ஆரப்பாளையத்தில் சேலம் பஸ் ஏறினால் போதும். முழுக்கைப் பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், துப்பட்டா வேண்டாம், பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம், ஒரு பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆலை வாசலில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், சின்ன நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள்.