சேவல் சண்டைக்கு வந்தால்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, 7 மாதச் சிறுவிடைச் சேவல் (சின்ன உடம்பு நாட்டுக்கோழி). குஞ்சிலிருந்து கையிலேயே வைத்து வளர்த்தோம். இப்போது தீவனம் வைக்கப் போனாலே காலைக் கொத்துகிறது. ஏன்?

பதில்: கையிலேயே வளர்ந்ததுதான் வினையாகியிருக்கும் தம்பி. அப்படி வளர்ந்த குஞ்சுக்கு நம்மிடம் பயமே இருக்காது, 5, 6 மாதத்தில் வயசுக்கு வந்ததும் உங்களையும் போட்டிக்கு வந்த சேவலாகப் பார்க்க ஆரம்பித்துவிடும். ஒரு இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வருகிறதா? பெட்டையிடம் செய்தால் அது சரசம், உங்களிடம் செய்தால் மிரட்டல். அப்போது ஓடாதீர்கள், ஓடினால் ஜெயித்துவிட்டதாக நினைத்து நாளைக்கு இன்னும் வேகமாக வரும். உதைத்தாலும் சண்டைக்கு ஒத்துக்கொண்டதாகிவிடும். கையில் வாளியோ முறமோ எடுத்துப் போய், இடையில் பிடித்துக்கொண்டு, அதுவாக விலகும்வரை அசையாமல் நில்லுங்கள். அப்புறம், அதன் கண் முன்னால் பெட்டையைத் துரத்திப் பிடிக்காதீர்கள். இருட்டியதும் கூண்டிலிருந்து எடுத்தால் சத்தமில்லாமல் முடியும்.

கேள்வி: பெட்டைகளுக்கு முதுகில் இறகே இல்லை. 4 பெட்டை, 2 சேவல்.

பதில்: கணக்கே இடிக்கிறதே! ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை வேண்டும். மிதித்து மிதித்தே இறகு போயிருக்கும். ஒன்றை விற்றுவிடுங்கள், மிச்சமிருப்பதையும் இறகு முளைக்கும்வரை தனியாக அடையுங்கள். பேன் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: கால் முள்ளை வெட்டலாமா?

பதில்: அடியோடு வெட்டாதீர்கள், உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் இருக்கிறது. நுனியை மட்டும் அரத்தால் மழுக்கினால் போதும்.

கேள்வி: 3 மணிக்கே கூவுகிறது, பக்கத்து வீட்டில் தினமும் சண்டை.

பதில்: சூரியனைப் பார்த்துத்தான் கூவும் என்பது பாதி உண்மைதான். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் நாள் முழுக்க மங்கிய வெளிச்சத்தில் அடைத்துப் பார்த்தார்கள், அப்போதும் விடியலுக்கு முன்னால் கூவியதாக 2013இல் எழுதினார்கள். கடிகாரம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. தெருவிளக்கு படாமல் கூண்டை மறைத்தால் கொஞ்சம் குறையலாம், ஆனால் காற்றோட்டத்தை அடைத்துவிடாதீர்கள். முட்டை மட்டும் போதுமென்றால் சேவலே தேவையில்லை, பெட்டை பாட்டுக்கு முட்டை வைக்கும். என்ன, அது பொரியாது.

கேள்வி: பெருவிடையில் (பெரிய உடம்பு நாட்டுக்கோழி) 2 சேவலை ஒன்றாக விடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சண்டைக்கென்றே வளர்த்த வம்சம், ஒன்று சாகும்வரை விடாது.

கேள்வி: 3 வயசுக் குழந்தையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொத்திவிட்டது. பழக்கிப் பார்க்கலாமா அக்கா?

பதில்: முதலில் குழந்தையை டாக்டரிடம் காட்டுங்கள், தடுப்பூசி விஷயத்தையும் கேளுங்கள். சேவல் குழம்புக்குத்தான், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. மறைத்து இன்னொரு வீட்டுக்கு விற்பது பாவம். அதோடு சேர்ந்த பெட்டையின் முட்டையை அடையும் வைக்காதீர்கள், முரட்டுக் குணம் குஞ்சுக்கும் இறங்கும். சேவல் போன பிறகும் சுமார் 2 வாரத்துக்கு அதன் கரு முட்டையில் வரும், அதனால் புதுச் சேவல் வந்து 3 வாரம் கழித்து அடைக்கு முட்டை சேருங்கள்.