கண்ணில் முடி முளைத்த கட்டி

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது. இடது கண்ணில் கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் இடத்தில், கீழே காதுப் பக்கமாக, பிறந்ததிலிருந்தே வெள்ளையாக ஒரு சின்னக் கட்டி இருக்கிறது. இப்போது அதில் முடி வேறு முளைத்திருக்கிறது. ‘கண்ணுல பூ விழுந்திருக்கு, தாய்ப்பால் விடு’ என்கிறார் மாமியார். டாக்டரோ டெர்மாய்டு, ஆபரேஷனுக்கு அவசரமில்லை என்கிறார். புற்றுநோயாக இருக்குமோ?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: பயப்படாதீர்கள். கட்டி இருக்கும் இடம், அதில் முடி, இரண்டுமே டெர்மாய்டின் அடையாளம்தான். கருவில் கண் உருவாகும்போது தோலுக்குரிய திசு கொஞ்சம் அங்கே தங்கிவிடுகிறது, அதனால்தான் கட்டிக்குள் கொழுப்பு, வியர்வைச் சுரப்பி, முடிவேர் எல்லாம் இருக்கும். புற்றுநோயாக மாறுவது அரிதிலும் அரிது. கிரகணத்தன்று நீங்கள் வெளியே போனதும் காரணமில்லை (இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள்). தாய்ப்பால் விட்டால் கட்டி கரையாது, கிருமிதான் தொற்றும்.

நான் கவலைப்படுவது கட்டியைப் பற்றி அல்ல, பார்வையைப் பற்றி. கட்டி கருவிழியின் வளைவைக் கோணலாக்கி சிலிண்டர் பவரை, அதாவது ஒளி ஒரே புள்ளியில் குவியாமல் மங்கலாகத் தெரியும் குறையை உண்டாக்கும். அந்தக் கண்ணில் மங்கலாகவே தெரிந்துகொண்டிருந்தால் மூளை மற்ற கண்ணை மட்டும் நம்பப் பழகிவிடும். அதுதான் சோம்பேறிக் கண், ஏழெட்டு வயதைத் தாண்டினால் சரிசெய்வது கஷ்டம். குழந்தைக்கு எழுத்து படிக்கத் தெரியாதே என்று தள்ளிப்போடாதீர்கள், சொட்டு மருந்து விட்டு கண்ணில் ஒளி அடித்து லென்ஸ்களை மாற்றி மாற்றிப் பார்த்தே பவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தேவைப்பட்டால் கண்ணாடி, அப்புறம் நல்ல கண்ணை தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடுவது. பிய்த்துப் போடுவாள், அழுவாள், விடாதீர்கள்.

ஆபரேஷன் விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வது சரி. கருவிழியின் கனமே அரை மில்லிமீட்டர் சுமார்தான், கட்டியின் வேர் அதில் ஆழமாகப் போயிருந்தால் தானமாகக் கிடைத்த கருவிழித் திசுவை வைத்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும். எடுத்த பிறகும் தழும்பு தெரியும், பவரும் பல குழந்தைகளுக்கு அப்படியே நிற்கும். கட்டி கண்மணியை நோக்கி வளர்ந்தாலோ, முடி உரசி அடிக்கடி சிவந்தாலோ, பவர் ஏறிக்கொண்டே போனாலோ எடுத்துவிடலாம். முடியை நீங்களே பிடுங்க வேண்டாம்.

ஒன்று கேட்க வேண்டும்: காதுக்கு முன்னால் மிளகு அளவில் தோல் துணுக்கு ஏதாவது தொங்குகிறதா? முகம் ஒரு பக்கம் சிறுத்திருக்கிறதா? இருந்தால் கோல்டன்ஹார் சின்ட்ரோமாக இருக்கலாம். கண், காது, முகம், முதுகெலும்பு என்று பல இடங்களில் பிறவியிலேயே குறை சேர்ந்து வருவதுதான் அது. குழந்தை மருத்துவரிடம் சொல்லி காது கேட்கும் திறன், முதுகெலும்பு, இதயம், சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.