குழாயில் சாக்கடை நாற்றம், மழையில் பொங்கும் கழிவறை: சென்னை வாசகர் கேள்விகள்

காலையில் குழாயைத் திறந்தால் சாக்கடை நாற்றத்தோடு கலங்கலாக வருகிறது. கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறது. அப்புறம் பிடிக்கலாமா?

குடிக்கவும் சமைக்கவும் பிடிக்காதீர்கள். கலங்கல் போனாலும் கிருமி போயிருக்காது. தண்ணீர் விட்டு விட்டு வரும் தெருக்களில், சப்ளை நின்றதும் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். அப்போது விரிசல், தளர்ந்த ஜாயின்ட் வழியே மண்ணில் ஊறிக் கிடக்கும் கழிவுநீர் உள்ளே போகும். லைனிலேயே மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவர்கள் இருந்தால் இன்னும் மோசம்.

அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். எல்லார் வீட்டிலும் இப்படி என்றால் தெரு லைனில் கோளாறு. உங்களுக்கு மட்டும்தான் என்றால், தெரு லைனிலிருந்து உங்கள் சம்ப் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) வரை வரும் இணைப்புக் குழாயைச் சந்தேகப்படுங்கள். பழைய ஜி.ஐ. பைப்பாக (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இருந்தால், கழிவுநீர் சேம்பரை ஒட்டிப் போகும் இடத்தை முதலில் தோண்டிப் பாருங்கள். ஈரமண்ணில் துரு அரிப்பது அங்கேதான் அதிகம். குடிநீர் வாரியத்துக்கு 1916 அல்லது 044-45674567 எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வருகிறவரிடம் எஞ்சிய குளோரினை (கிருமியைக் கொன்றது போகத் தண்ணீரில் மிஞ்சி நிற்பது) சோதிக்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அடுத்த தெருவில் குளோரின் இருந்து உங்கள் குழாயில் துளியும் இல்லை என்றால், வழியில் அழுக்கு கலக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் தண்ணீர் சம்பில் இறங்கிவிட்டது. எப்படிச் சுத்தம் செய்வது?

வரும் வால்வை மூடி, முழுவதையும் இறைத்து, அடிச்சேற்றை அள்ளுங்கள். மூடியைச் சில மணி நேரம் திறந்து வைத்த பிறகே ஆள் இறங்கலாம். மேலே இன்னொருவர் கட்டாயம் நிற்க வேண்டும். 10 லிட்டர் வாளியில் 6 கிராம் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் வடித்து, நீளக் கைப்பிடி பிரஷால் மேலிருந்தே சுவரெங்கும் தேயுங்கள். அரை மணி நேரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, பிறகு கழுவி இறைத்துவிடுங்கள். ஆசிட்டை இதோடு சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

அதன்பின் நல்ல தண்ணீர் நிரப்பும்போது 1,000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர் கலந்து, ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்துங்கள். பாக்கெட் புதிதாக இருக்கட்டும். திறந்து கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது. மேல்தொட்டியையும் இதே முறையில் கழுவாவிட்டால் செய்த வேலை வீண்.

இரவில் வால்வை மூடி, யாரும் தண்ணீர் எடுக்காமல் சம்பின் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் ஏறியிருந்தால் வெளியிலிருந்து ஊறுகிறது. இறங்கியிருந்தாலும் விரிசல்தான். பூச்சு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பு அளவைக் காட்டுவது) 350 காட்டுகிறது. ஆர்.ஓ. வாங்க வேண்டுமா?

உப்புக்காக வேண்டாம். இந்தியத் தர நிர்ணயப்படி 500 வரை ஏற்கத்தக்கது. ஆனால் அந்த மீட்டருக்குக் கிருமி தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீரும் 350 காட்டலாம்.

மழை பெய்தால் தரைத்தளக் கழிவறையில் தண்ணீர் மேலேறுகிறது. ஆசிட் ஊற்றியும் பயனில்லை.

ஆசிட்டை நிறுத்துங்கள். வாசலில் உள்ள கடைசி சேம்பரின் மூடியைத் திறந்து பாருங்கள். அது நிரம்பி நின்றால் அடைப்பு தெருவில், புகார் கொடுங்கள். அது காலியாக இருந்து கழிவறை மட்டும் தேங்கினால் அடைப்பு வீட்டுக்குள்.

மழைநாளில் மட்டும் என்றால், மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயை யாராவது சேம்பரில் இணைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். கழிவுநீர்க் குழாய் மழைநீருக்காகப் போட்டதல்ல. அந்த இணைப்பைத் துண்டித்து மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்புங்கள். எப்போதுமே தேங்கினால் வாட்டத்தைப் பாருங்கள்: 4 அங்குலக் குழாய்க்கு 10 அடி நீளத்தில் 3 அங்குல இறக்கம் வேண்டும். வீடு தெருவைவிடத் தாழ்ந்திருந்தால் கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போடலாம். அதை அவ்வப்போது திறந்து கழுவ வேண்டும்.

சேம்பருக்குள் ஆளை இறக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நொடியில் ஆள் சாய்ந்துவிடுவார். மனிதர்கள் கையால் கழிவு அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குபவருக்கு முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பை எடுக்கும் ஜெட்டிங் இயந்திரத்தை வாரியத்திடம் கேளுங்கள்.

ஊருக்குப் போய் வந்தால் குளியலறை நாறுகிறது.

ட்ராப்பில் (துளைக்கடியில் தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைவு) நிற்கும் தண்ணீர் காய்ந்திருக்கும். ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் நாறினால் ட்ராப் உடைந்திருக்கலாம், பிளம்பரை அழையுங்கள்.