ராணிக்கு 0.3 தான் வந்ததா?

கேள்வி: எங்கள் நாட்டு நாய் ராணிக்கு மூன்று மாதக் குட்டியாக இருக்கும்போது ரேபிஸ் ஊசி போட்டோம். மகள் அவளை ஜெர்மனிக்குக் கூட்டிப்போக நினைக்கிறாள். எட்டு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ரேபிஸ் எதிர்ப்பொருள் அளவு 0.3 என்று வந்திருக்கிறது, 0.5 வேண்டுமாம். போட்ட ஊசி போலியா? தெருநாய் கடித்து, போன வருடம் எல்லா ஊசியும் போட்டுக்கொண்ட பேரன் நாளெல்லாம் ராணியோடுதான் விளையாடுகிறான். பயமாக இருக்கிறது.
- வாசகி, ஈரோடு

பதில்: இந்த எண்ணை வைத்து ஊசி போலி என்று சொல்ல முடியாதம்மா. முதல் ஊசிக்குப் பின் நாலு முதல் ஆறு வாரத்தில் எதிர்ப்பொருள், அதாவது கிருமியை எதிர்க்க உடம்பே உருவாக்கும் பொருள், உச்சத்துக்குப் போகும், அப்புறம் இறங்கும். குட்டியில் ஒரே ஊசி போட்ட நாய்க்கு எட்டு மாதத்தில் 0.5-க்குக் கீழே வருவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். எண் இறங்கினாலும், கிருமியை அடையாளம் வைத்திருக்கும் நினைவணுக்கள் உடம்பில் இருக்கும். 0.5 என்பது தடுப்பூசி வேலை செய்தது என்பதற்கான அளவுகோல். அதற்குக் கீழே போன நாயெல்லாம் பாதுகாப்பில்லாத நாய் என்று அர்த்தமில்லை.

ஆனால் ஐரோப்பாக்காரர்களுக்கு எண்தான் முக்கியம். பூஸ்டர் போட்டுவிட்டு, 30 நாள் கழித்து ரத்தம் கொடுங்கள். மறு ஊசிக்கு உடம்பு வேகமாகப் பதில் சொல்லும், பெரும்பாலும் எண் தாராளமாகவே வரும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், அதனால் மகளை இப்போதே டிக்கெட் போட விடாதீர்கள். நாயை அடையாளம் காணத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பை வைத்த பிறகு போட்ட ஊசிதான் கணக்கில் வரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பேரன் விஷயம். ராணியோடு விளையாடட்டும். ஆனால் எந்த நாய் கடித்தாலும், அது ஊசி போட்ட நாயாகவே இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். முதல் தடவை கடிபட்டவருக்கு எதிர்ப்பொருள் உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அந்த இடைவெளிக்காகத்தான் ஆழமான காயத்தைச் சுற்றி சீரம், அதாவது தயார்நிலை எதிர்ப்பொருள், போடுகிறார்கள். உங்கள் பேரன் ஏற்கெனவே முழுசாகப் போட்டவன். இனி கடிபட்டால் அன்றைக்கு ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று, அவ்வளவுதான், சீரம் தேவையில்லை. பழைய சீட்டை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று யாராவது பயமுறுத்தினால், அந்த ஆட்டு மூளை மருந்து நம் நாட்டில் நின்றே 20 வருடமாகிவிட்டது என்று சொல்லுங்கள்.