அத்தையின் பட்டைக் கஷாயம்

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், அரசு மருத்துவமனை மருந்தகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மருந்தாளுநர்.)

கேள்வி: என் மாமியாருக்கு 63 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. ஒரு மாதமாகக் காலையில் காப்பிக்குப் பதில் ஒரு டீஸ்பூன் பட்டைத் தூளை வெந்நீரில் கொதிக்க வைத்துக் குடிக்கிறார். வெறும் வயிற்றில் 182 இருந்தது இப்போது 151. காலை எட்டு மணிக்கு என் கணவர் எழுந்து வந்து வீட்டு மீட்டரில் பார்ப்பார். "இனி மாத்திரை எதுக்கு?" என்று அத்தை இரவு மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார். நான் சொன்னால் கேட்பதில்லை. பட்டை உண்மையிலேயே சர்க்கரையைக் குறைக்குமா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: உங்கள் கடிதத்தில் நான் நின்று படித்த இடம், "காப்பிக்குப் பதில்" என்பது. அத்தை எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? ஐந்து, ஐந்தரை? மகன் எட்டு மணிக்கு வந்து விரலில் குத்துவதற்குள் ஒரு டம்ளர் காப்பி உள்ளே போயிருக்காதா? மருந்தகத்து ஜன்னலில் நின்றுகொண்டு நான் கேட்காத நாள் இல்லை: "சாப்பிடலைம்மா, காப்பி மட்டும்தான் குடிச்சேன்." நம் ஊரில் காப்பி சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. இரண்டு ஸ்பூன் சர்க்கரை, பால், எல்லாம் சேர்த்துக் குடித்துவிட்டுக் கொடுக்கிற ரத்தத்துக்குப் பெயர் வெறும் வயிறு! அந்த 182 அப்படி வந்ததா என்று அத்தையைக் கோபப்படாமல் கேளுங்கள். ஆம் என்றால், குறைந்ததற்குக் காரணம் டம்ளரில் புதிதாக வந்த பட்டை அல்ல, டம்ளரை விட்டுப் போன சர்க்கரை.

மீட்டரையும் கொஞ்சம் சந்தேகப்படலாம். நல்ல வீட்டு மீட்டருக்கே 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்ட அனுமதி உண்டு. அப்படிப் பார்த்தால் உங்கள் 182 என்பது 160 ஆகவும் இருந்திருக்கலாம், இன்றைய 151-ம் அதே 160 ஆக இருக்கலாம்.

நானும் சர்க்கரைக்காரிதான். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று மூன்று மாதம் பட்டை குடித்தேன். மாத்திரையை மட்டும் விடவில்லை. தினசரி காலண்டர் ஓரத்தில் காலைச் சர்க்கரையைக் குறித்துவைத்தேன். சில நாள் 118, சில நாள் 146. 118 வந்த அன்றைக்குப் பட்டையைப் புகழ்வேன்; 146 வந்தால் முந்தின ராத்திரிச் சாப்பாட்டைத் திட்டுவேன். மூன்று மாதம் கழித்து, சில மாதத்துச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்ற ரத்தச் சோதனையைப் பார்த்தபோது 7.6 என்பது 7.5 ஆகியிருந்தது. அவ்வளவுதான்.

இந்தப் பட்டைப் பேச்சு பெரிதானதற்கு 2003-ல் வெளியான ஓர் ஆய்வு முக்கியக் காரணம். பாகிஸ்தானில் 60 நோயாளிகள்; பாதிப் பேருக்குத் தினம் 1, 3, 6 கிராம் என்று மூன்று அளவில் பட்டை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத கேப்சூல். 40 நாளில், பட்டை சாப்பிட்டவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் வரை இறங்கியது. அத்தை காதுக்கு வந்து சேர்ந்தது இதுவரைதான். ஆனால் ஒவ்வொரு அளவுக்கும் பத்தே பேர். 1 கிராம் சாப்பிட்டவர்களுக்கு, 3 கிராம் சாப்பிட்டவர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. மருந்து கட்டிக் கொடுத்துப் பழகிய எனக்கு இது உறுத்தும். ஹெச்பிஏ1சி-யை அவர்கள் பார்க்கவே இல்லை. 40 நாளில் பார்த்தும் பெரிய பயனில்லை, அது இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்லும் சோதனை.

நெதர்லாந்தில் 2006-ல் 25 பெண்களை வைத்துத் தினம் 1.5 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் மாறவில்லை. 2012-ல் கோக்ரேன் அமைப்பு 577 பேர் அடங்கிய பத்து ஆய்வுகளைச் சேர்த்து அலசி, பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. மறு வருடம் வேறொரு குழு இதே மாதிரி கூட்டிப் பார்த்ததில் காலைச் சர்க்கரை சராசரியாக 25 புள்ளி குறைந்தது, ஹெச்பிஏ1சி குறையவில்லை. என் காலண்டர் கதையும் கிட்டத்தட்ட இதுதானே! கண், சிறுநீரகம், கால் நரம்பு இதற்கெல்லாம் கணக்கு மாதக்கணக்கான சராசரிதான். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு மீட்டர் காட்டியது அல்ல.

இனி மாத்திரை. மெட்ஃபார்மினை நிறுத்தினால் மறுநாளே சர்க்கரை எகிறிவிடாது. சில நாளில், சில வாரத்தில் மெல்ல ஏறும். 200 வரைக்கும் உடம்பில் ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். "நிறுத்தியும் நல்லாத்தானே இருக்கேன்" என்று தோன்றுவது அதனால்தான். அந்த மாத்திரை தனியாகவே ஹெச்பிஏ1சி-யை ஒன்று, ஒன்றரை புள்ளி இறக்கக்கூடியது. அத்தையை இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மாத்திரை நிறுத்திய தேதி, பட்டை ஆரம்பித்த தேதி இரண்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப்போனால் நல்லது. அங்கே அத்தை பட்டையைப் பற்றி மூச்சு விடமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்றால், அலமாரியில் எத்தனை அட்டை சேர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு மாதக் கணக்கா ஆறு மாதக் கணக்கா என்பது அதில் தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அந்த வெந்நீர் டம்ளரைப் பிடுங்கிவிடாதீர்கள், காப்பிக்குத் திரும்பிவிடுவார். பட்டைத் தூளை ஒரு டீஸ்பூனிலிருந்து ஒரு சிட்டிகைக்குக் குறையுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: சிலோன் பட்டைதான் நல்லது, கடையில் கிடைப்பது ஆகாது என்கிறார்கள். விலையோ மூன்று மடங்கு. வித்தியாசம் உண்மையா, வியாபாரமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டும் உண்டு. நம் மளிகைக் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது காசியா என்ற இன்னொரு மரத்தின் பட்டை. தடித்திருக்கும், கருஞ்சிவப்பு, கையால் ஒடிக்க வராது, மிக்ஸியே முனகும். இலங்கைக் கறுவா, மெல்லிய தாள்களைச் சுருட்டு மாதிரி உள்ளுக்குள் உள்ளாகச் சுருட்டி வைத்தது போல இருக்கும். பிஸ்கட் நிறம், விரலால் நொறுங்கும். தூளாக்கி விற்றால் கண்ணால் பிரிக்க முடியாது. அதனால் தூளாக வாங்காமல் பட்டையாக வாங்குங்கள்.

காசியாவில் கூமரின் என்ற பொருள் நிறைய உண்டு. தினமும் அதிகமாகப் போனால், சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 0.1 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு அது சுமார் 2 கிராம் காசியாத் தூளிலேயே நிரம்பிவிடும். ஒரு டீஸ்பூன் தூள் இரண்டரை கிராம் இருக்கும். திருமங்கலத்து அத்தை தினமும் எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கிறார். இலங்கைப் பட்டையில் கூமரின் மிகச் சொற்பம்.

அதற்காக, சிலோன் பட்டை வாங்கினால் சர்க்கரை குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பாகிஸ்தான் ஆய்வில் கொடுத்தது காசியாதான். ஆய்வைக் காட்டி ஒரு பட்டை, பத்திரம் என்று காட்டி இன்னொரு பட்டை: இதுதான் நீங்கள் கேட்ட வியாபாரம். குழம்புக்கு எது வேண்டுமானாலும் வாங்குங்கள். தினமும் கஷாயம் வைத்தே தீருவேன் என்பவர்கள் இலங்கைப் பட்டைக்குக் காசு கொடுக்கலாம். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கும் சர்க்கரை உண்டு. அப்படியானால் பிரியாணியில் போடும் பட்டையும் ஆபத்தா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: ஒரு தேக்சாவுக்கு நாலு துண்டு போடுவார்கள், அதையும் நீங்கள் பொறுக்கி இலை ஓரம் வைத்துவிடுவீர்கள். பட்டையை விடுங்கள். அரிசி எத்தனை கரண்டி?