வண்டி ஓட்டும்போது கையில் போன்: கேள்வி பதில்

கே: சிக்னலில் நிற்கும்போது மெசேஜ் பார்க்கலாமா சார்? வண்டிதான் ஓடவில்லையே.

ப: கூடாது. பிரிட்டனில் நெரிசலில் நின்றாலும், வண்டி தானாகவே இன்ஜினை அணைத்திருந்தாலும், போனைக் கையில் வைத்துப் பயன்படுத்தினால் குற்றம்தான். ஓரங்கட்டி, முறையாக நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

கே: பேசினால்தானே தப்பு? நான் பாட்டு மாற்றத்தான் எடுத்தேன்.

ப: இதை ஒட்டி ஒரு வழக்கே நடந்திருக்கிறது. பிரிட்டன் 2003 டிசம்பரில் கொண்டுவந்த தடை, பேச்சையும் செய்திப் பரிமாற்றத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. விபத்து நடந்த இடத்தைக் கடக்கும்போது ஒருவர் ஓட்டிக்கொண்டே போனில் வீடியோ எடுத்தார். அது இந்த விதிக்குள் வராது என்று 2019-ல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022 மார்ச் 25 முதல் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். படம் எடுப்பது, பாட்டு தேடுவது, விளையாடுவது எல்லாமே இப்போது குற்றம். சரியான திருத்தம் என்பேன். கண் சாலையை விட்டு விலகியது எதற்காக என்பதா முக்கியம்?

கே: மேப் மட்டும் பார்த்தால்?

ப: இதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. இந்தியாவில் 2020 அக்டோபர் முதல், கவனம் சிதறாதபடி வழி பார்க்க மட்டும் அனுமதி. கலிபோர்னியாவில் மேப் பார்க்கக் கையில் பிடித்திருந்தாலே குற்றம் என்று 2025-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கே ஓட்டினாலும் ஸ்டாண்டில் மாட்டி, கிளம்பும் முன்பே வழியைப் போட்டுவிடுங்கள்.

கே: நான் போனை ஹெல்மெட்டுக்குள் செருகிப் பேசுகிறேன். கையில் பிடிக்கவில்லையே?

ப: தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு குழியில் வண்டி குதித்தால் போன் கன்னத்திலிருந்து நழுவும், கை தானாக ஹேண்டில்பாரை விட்டு மேலே போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். ‘கையில் இல்லை’ என்று வாதாடினாலும், ஆபத்தாக ஓட்டியதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது.

கே: அப்போ ப்ளூடூத்?

ப: பல நாடுகளில் தடை இல்லை. ஆனால் கையில் பிடித்துப் பேசுவதைவிட அது பெரிதாகப் பாதுகாப்பானதல்ல என்கிறது உலக சுகாதார நிறுவனம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் லாரி வந்தால் பேச்சை நிறுத்துவார். போனில் இருப்பவருக்கு அந்த லாரி தெரியாது. ‘ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன்’ என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

கே: அவசர உதவிக்குக் கூப்பிட்டால்?

ப: பிரிட்டனில் 999 அல்லது 112-ஐ அழைக்கலாம். அதுவும் நிஜமான அவசரமாக இருந்து, வண்டியை நிறுத்துவது ஆபத்தாகவோ முடியாததாகவோ இருந்தால் மட்டும்.