குடித்தால்தான் அப்படியா?

அன்புள்ள அண்ணா,

எங்களுக்குப் பாம்பன் பக்கம். மச்சான் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். பங்குப் பணம் கைக்கு வந்த அன்று ராத்திரி அக்காவுக்கு அடி விழும். மீன்பிடித் தடைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். விடிந்ததும் அழுவார், பிள்ளைகளுக்குப் பரோட்டா வாங்கி வருவார். "குடித்தால்தான் அப்படி, இல்லாவிட்டால் தங்கம்" என்கிறார் அம்மா. சோற்றில் கலந்து கொடுத்தால் குடி மறந்துபோகும் என்று யாரோ சொல்ல, ஒரு பொடி வாங்கி வைத்திருக்கிறோம். குடி நின்றால் அடியும் நின்றுவிடும்தானே?

பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தப் பொடியைத் தூக்கி எறியுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று விற்றவனுக்கே தெரியுமோ என்னவோ. குடியை நிறுத்த டாக்டர்கள் தரும் டைசல்பிரம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சூடேறி, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும். ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் ஆளிடம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். அந்த மாதிரி ஏதாவது பொடியில் இருந்து, மச்சான் நடுக்கடலில் பாட்டிலைத் திறந்தால்? கலந்ததைக் கண்டுபிடித்துவிட்டால் அக்காவின் கதி?

குடிக்கும் அடிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், கணவர் அடிக்கடி போதையில் இருக்கும் பெண்களில் 70 சதவீதம் பேர், அவரிடம் அடியோ பாலியல் கொடுமையோ பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். கணவர் குடிக்காத பெண்களில் 23 சதவீதம். அந்த 23-ஐயும் கொஞ்சம் பாருங்கள். குடியே இல்லாத வீட்டிலும் கிட்டத்தட்ட நாலில் ஒரு பெண்.

அப்புறம், மச்சான் போதையில் எப்போதாவது படகு முதலாளியான சம்மாட்டியை அடித்திருக்கிறாரா? கோபப்பட அவருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பங்கில் பிடித்தம், டீசல் விலை, படகைப் பிடித்துக்கொண்டு போகும் இலங்கைக் கடற்படை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கும். அரசு தரும் 8,000 ரூபாய் எந்த மூலைக்கு? மிச்சத்துக்குச் சம்மாட்டியிடம்தான் முன்பணம். ஆனால் உங்கள் கரையில் நான் பார்த்தவரை, எவ்வளவு ஏற்றியிருந்தாலும் சம்மாட்டி எதிரே வந்தால் மடித்துக் கட்டிய கைலி தானாக இறங்கிவிடும். அத்தனை பேரையும் தாண்டி வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, பெண்டாட்டியைத்தான் அடிக்கிறார்கள். யாரை அடித்தால் கேட்க ஆள் இல்லை என்பது மட்டும் எந்தப் போதையிலும் மறப்பதில்லை. குடியை நிறுத்தினால் அடி குறையலாம். நின்றுவிடும் என்று நான் எழுதித் தர மாட்டேன்.

குடியை விட அவர் சம்மதித்தால் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வீட்டில் பூட்டி வைக்க வேண்டாம். தினமும் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் நடுக்கம் வரும், இரண்டு மூன்று நாளில் வலிப்பும் வரலாம். ஆனால் அவர் திருந்தும்வரை அக்கா காத்திருக்க வேண்டியதில்லை.

கேஸ் போட்டால் மச்சானை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று அம்மா பயப்படலாம். 2005-இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தில் எடுத்த எடுப்பில் சிறை கிடையாது. அடிக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். தேவைப்பட்டால், அவரையே வீட்டைவிட்டு வெளியே இருக்கச் சொல்லலாம். வீடு அக்கா பேரில் இருக்க வேண்டும் என்பதில்லை. உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லிப் பதிய வையுங்கள்.

ஒன்று கவனித்தேன். கடிதத்தில் அம்மா பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள், பொடி சொன்னவர்கூடப் பேசுகிறார். அக்கா என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. மச்சான் கடலுக்குப் போன நாளில் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். அக்கா சரி என்றால் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள்.